தினம் ஒரு கட்டு நோட்டு

அவரை எல்லோரும் கப்பல் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கையின் மூன்று பிள்ளைகள் ஆரம்பித்து வைத்தது. பிறகு அந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கத் தொற்றிக்கொண்டு, அவரைவிடப் பத்து வயது மூத்த காவலாளிக்கும் அவர் மாமாவாகிவிட்டார். இருபது வயதில் சரக்குக் கப்பலில் பாத்திரம் தேய்க்கப் போனவர், நாற்பத்தெட்டில் தலைமைச் சமையல்காரர். வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில், மீதி தங்கை வீட்டு ஹாலில். கல்யாணம் ஆகவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "நான் கரையிறங்கி முகம் கழுவறதுக்குள்ள கப்பல் கிளம்பிடுதுங்க" என்பார். ஆள் கதவளவு அகலம். எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை என்பதால், அவர் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் பதில் வரும்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தது. வழக்கமாகப் பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கப் போகிறவர் தங்கையின் கணவர். அந்த வருஷம் அவர் ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைக்கப் போய், ஸ்டூல் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்து, காலில் மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தார். தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்குப் பார்த்து லீவு கிடைக்கவில்லை.

"அண்ணா, நீ கூட்டிட்டுப் போய்ட்டு வர்றியா? உன்னால முடியுமா?" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"முப்பது பேருக்கு மூணு மாசத்துக்கு வேண்டியதை ஏத்துறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் சோபாவிலிருந்து மாப்பிள்ளை.

தங்கை என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அண்ணனின் சட்டைப் பையில் செருகினாள். மாமா அதை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். அதோடு சரி.

மூன்று பிள்ளைகளும் மூன்று தினுசு. மூத்தவள் கட்டட வடிவமைப்பு படிக்க அந்த வருஷம்தான் கல்லூரியில் காலெடுத்து வைக்கிறாள். சந்தோஷம் பாதி, உதறல் பாதி. நடுவுள்ளவன் எட்டாம் வகுப்பு. குரல் உடைந்ததிலிருந்து அவனுக்கு எல்லாம் கறுப்பில்தான் வேண்டும். கடைக்குட்டி முதல் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, ஆனால் பேச்சுக்கு அது ஒரு தடையே இல்லை.

கடைக்குள் எள் விழ இடமில்லை. கூரையிலிருந்து பைகள் கொத்துக்கொத்தாகத் தொங்க, ஏணியில் நின்ற பையன் நீளக் கொக்கியால் அவற்றைப் பறித்துப் பறித்துக் கீழே போட்டான். ஒரு அப்பா தன் மகனின் பை கனம் தாங்குமா என்று பார்க்க அதைத் தானே மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். புது ரப்பர், பழுப்பு அட்டை, பசை எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. மாமா அதை மூக்கு நிறைய இழுத்தார். அவருக்குக் கிறுகிறுவென்று வந்தது.

கடைக்குட்டி வாத்துப் படம் போட்ட பையைத் தேர்ந்தெடுத்தாள். மாட்டிக்கொண்டு திரும்பியபோது ஒரு பையும் இரண்டு கால்களும் மட்டுமே தெரிந்தன. "சரியா இருக்கு" என்றது பை. நடுவுள்ளவன் கறுப்புப் பை, கறுப்பு டப்பா, கறுப்பு அளவுகோல் எல்லாம் எடுத்துவிட்டு, அழிரப்பரும் கறுப்பில் கிடைக்குமா என்று விற்பனையாளரைக் கேட்டான்.

"கிடைக்கும் தம்பி. ஆனா அது அழிக்காது, பூசும்."

மூத்தவளுக்கு வரைபலகையும் டி-ஸ்கேலும் வேண்டும். "அதெல்லாம் மாடியில, மொத்தப் பிரிவுல" என்று கையைக் காட்டினார் விற்பனையாளர். நாலு பேரும் படியேறினார்கள்.

மேலே வேறு உலகம். கூட்டமில்லை. தரையிலிருந்து கூரை வரை கட்டுக்கட்டாக நோட்டுகள், பெட்டிபெட்டியாகப் பென்சில்கள். மாமாவுக்குத் தன் கப்பலின் சாமான் அறைக்குள் நுழைந்த மாதிரி நெஞ்சு விரிந்தது. நடுவில் ஒரு பெரிய மேஜை. அதற்குப் பின்னால் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒரு பெண்மணி நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடை ஆட்கள் அவரை மாடியக்கா என்று கூப்பிட்டார்கள். சணல் கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, விரலில் ஒரு வளையம் வைத்து ஒரு சுண்டு. கயிறு பட்டென்று அறுந்தது.

மாமா அப்படியே நின்றுவிட்டார். கயிறும் முடிச்சுமாகவே வாழ்கிறவர்கள் நடுவில் இத்தனை வருஷம் இருந்தவர் அவர். இப்படி யாரும் கயிற்றைச் சுண்டி அறுத்து அவர் பார்த்ததில்லை.

"அது எப்படிங்க, கத்தி இல்லாம?"

"கயித்துக்கு என்கிட்ட பயம்" என்றார் மாடியக்கா, நிமிராமலே.

மாமா சிரித்த சிரிப்பில் கீழ்த்தளத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. மாடியக்கா நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் ஒரு கணம் அதிகமாகப் பார்த்தார் என்று மூத்தவள் பின்னால் சத்தியம் செய்வாள்.

மூத்தவள் தனக்கு வேண்டியதைச் சொன்னாள். "முதல் வருஷமா? பஸ்லதானே போவீங்க?" என்று கேட்ட மாடியக்கா, முதலில் எடுத்த பலகையைத் திரும்ப வைத்துவிட்டு, கைப்பிடி வைத்த லேசான பலகை ஒன்றை எடுத்தார். வரைபடங்களைச் சுருட்டிப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளும் குழாய் ஒன்றையும் கொடுத்தார். "இதை மாட்டிக்கிட்டு உள்ள போங்க. பழைய மாணவின்னு நினைச்சு உங்ககிட்டயே வழி கேப்பாங்க." மூத்தவள் குழாயைத் தோளில் போட்டு நிமிர்ந்து நின்றாள். உதறலில் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டது.

"வேற ஏதாவது?" என்று மாடியக்கா மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"நோட்டு" என்றார் மாமா.

"எத்தனை?"

"எத்தனை இருக்கு?"

நடுவுள்ளவன் மாமாவின் சட்டையை இழுத்தான். "மாமா, எனக்கு ஒரு டஜன் போதும்."

"நடு வருஷத்துல தீர்ந்துட்டா என்ன பண்ணுவே?"

"பள்ளிக்கூட வாசல்லயே கடை இருக்கு மாமா."

மாடியக்கா புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் மாமா மாமாவாக இல்லை. கோடு போட்டதா, போடாததா என்ற கேள்விக்கு "ரெண்டும்" என்றார். கட்டம் போட்டது என்றதற்கு "அதுவும்" என்றார். பென்சில் பெட்டிகள் வந்தன. பசை பாட்டில்கள் வந்தன. "வேற?" என்று மாடியக்கா கேட்கக் கேட்க, அவர் கண்ணில் பட்டதையெல்லாம் கை காட்டினார். கை காட்டுகிற வரைக்கும்தானே அங்கே நிற்கலாம்.

"சாக்பீஸ்?"

"குடுங்க."

"வீட்ல யாருக்குங்க சாக்பீஸ்?"

"மாப்பிள்ளைக்கு. கால்ல மாவுக்கட்டு. சும்மாதானே படுத்திருக்கார்."

இது எப்படிப் பதிலாகும் என்று யாரும் கேட்கவில்லை.

"மாமா, ஏன் உன் காது சிவப்பா இருக்கு?" என்றாள் கடைக்குட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி.

"இங்க புழுக்கமா இருக்கு."

தலைக்கு மேல் மின்விசிறி பேய் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. மூத்தவள் மாமாவின் காதைப் பார்த்தாள், மாடியக்காவைப் பார்த்தாள், தம்பியின் விலாவில் இடித்தாள். அவனுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "மாமாவா?" என்றான், புதுக்குரலும் பழைய குரலும் கலந்து. அதற்குப் பிறகு அவர்கள் தடுக்கவே இல்லை. "மாமா, கலர் பேப்பர்?" என்று மூத்தவள் எடுத்துக்கொடுத்தாள். "மாமா, உலக உருண்டை?" என்றான் தம்பி. கடைக்குட்டி தனியாகப் போய்ப் பென்சில் சீவும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றி, சுற்றி, மூன்று பென்சில்களை ஒன்றுமில்லாமல் ஆக்கினாள். மூன்று பிள்ளைகளுக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாமான்களை ஏற்றச் சின்னச் சரக்கு வண்டி ஒன்று தேவைப்பட்டது. ஏற்றுவதைப் பார்க்க மாடியக்காவே படியிறங்கித் தெருவுக்கு வந்தார். கடைப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நாட்களில் மாடியக்கா கீழே வந்து அவர்கள் பார்த்ததே இல்லை.

"உங்க பிள்ளைங்க குடுத்து வச்சவங்க. எந்த அப்பாவும் இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்க மாட்டாங்க" என்றார் மாடியக்கா.

மாமா பதறிப்போனார். "ஐயோ, இல்லைங்க. தங்கச்சி பிள்ளைங்க. எனக்கு யாரும் இல்லை. அதாவது, இன்னும் இல்லை. அதாவது, இப்போதைக்கு."

மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாடியக்கா கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பச் செருகினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாலு பேரும் வண்டியின் பின்னால் நோட்டுக் கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தார்கள். கடைக்குட்டி உலக உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையாட்டினாள்.

தங்கை வேலை முடிந்து வந்தபோது கதவு பாதிதான் திறந்தது. ஒருக்களித்து உள்ளே வந்தாள். ஹாலில் ஹால் இல்லை. சோபாவைச் சுற்றிக் கட்டுகள் அடுக்கப்பட்டு, அவற்றுக்கு மேலே மாவுக்கட்டுப் போட்ட கால் மட்டும் தெரிந்தது.

"என்னங்க, உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன். தண்ணி மட்டும் யாராவது மேலேருந்து குடுத்தா நல்லா இருக்கும்."

தங்கை அண்ணனிடம் திரும்பினாள். "பள்ளிக்கூடத்துக்குச் சாமான் வாங்கச் சொன்னேனா, பள்ளிக்கூடம் கட்டச் சொன்னேனா?" அவர் சட்டைப் பையிலிருந்த சீட்டை உருவினாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. "முதல்ல என்ன எழுதியிருக்கேன், படி."

மாமா படித்தார். "சின்னவளுக்கு ஷூ."

"ஷூ எங்கே?"

கடைக்குட்டி, கேள்வி தன்னைப் பற்றியது என்பதால், வெறுங்காலைத் தூக்கிக் காட்டினாள்.

தங்கைக்கு வந்த கோபத்தில் அவளுக்கே எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் மூச்சை இழுத்த நேரத்தில் மூத்தவள் முந்திக்கொண்டாள். "அம்மா, திட்டாதே. மாடியில ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க ஒவ்வொரு தடவையும் 'வேற'ன்னு கேட்டாங்க. மாமாவால இல்லைன்னு சொல்ல முடியலை."

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. தங்கை ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தாள். இருபது வருஷமாகப் பெண் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லித் தோற்றவள் அவள்.

"என்ன வயசிருக்கும்?"

"உன்னைவிடக் கொஞ்சம் பெரியவங்க."

"பேச்சு எப்படி?"

"எனக்கு இங்க ஒண்ணும் கேக்கல" என்றது சோபா. "யாராவது சத்தமாச் சொல்லுங்க."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஒன்றுமில்லாத இடத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை தீர்ப்புச் சொன்னாள். மூன்று பேருக்கும் வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு மீதியை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

"நாளைக்கேவா?" என்றார் மாமா. தண்டனை கேட்ட முகமாக அது இல்லை.

மறுநாள் காலை அவர் இரண்டு முறை சவரம் செய்துகொண்டார். ஒரு கையில் கடைக்குட்டி, மறு கையில் ஒரே ஒரு நோட்டுக் கட்டு.

"அவ்வளவுதானா?" என்றாள் தங்கை.

"வண்டி கிடைக்கலை."

"நீ கூப்பிடவே இல்லையே."

"கிடைக்காதுன்னு தெரியும்."

மாடியக்கா எதுவும் கேட்காமல் கட்டை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். ஷூ எங்கே கிடைக்கும் என்று மாமா கேட்டதற்கு வழி சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "இருங்க, நானே வரேன்" என்று கிளம்பினார். எதிர்த்த வரிசைக் கடையில் தரையில் மண்டியிட்டு, கடைக்குட்டியின் ஷூ நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு அளவு பெரிதாக எடுக்கச் சொன்னார், வளருகிற கால்.

"நீங்க ராத்திரி நோட்டு மேலயா தூங்குவீங்க?" என்று கேட்டாள் கடைக்குட்டி.

"இல்லடா, வீட்ல தூங்குவேன். தனி வீடு. ரெண்டு தம்பிங்க இருந்தாங்க. படிக்க வச்சேன், வேலைக்குப் போய்ட்டாங்க. இப்போ நான் மட்டும்தான்."

மாமா அந்த வார்த்தைகளை அப்படியே பொத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கையிடம் ஒப்பித்தார், தனக்கு அதில் ஒன்றுமில்லாத மாதிரி.

பள்ளிக்கூடம் திறந்தது. மூத்தவளிடம் கல்லூரி வாசலில் மூன்று பேர் வழி கேட்டார்களாம். அவளும் தைரியமாகத் தப்பான வழியைச் சொல்லி அனுப்பினாளாம். பிள்ளைகள் கிளம்பிப் போனதும் மாமாவும் தினம் ஒரு கட்டோடு கிளம்பினார். இன்று கோடு போட்டது, நாளை கட்டம் போட்டது. சாக்பீஸுக்கு ஒரு நாள், பசைக்கு ஒரு நாள். கட்டோடு ஒரு ஃபிளாஸ்க் சூப்பும் போக ஆரம்பித்தது. மாடியக்கா முதல் நாள் உப்புக் குறைவு என்றார். இத்தனை வருஷத்தில் மாமாவின் சூப்பை யாரும் குறை சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வேளை கிடைக்காது. அவர் மறுநாள் உப்பைக் கூட்டினார். புயலில் அடுப்போடு சேர்ந்து ஆடுகிற பாத்திரங்களை எப்படிக் கட்டிவைப்பது என்று அவர் சொல்ல, அந்த முடிச்சு தப்பு என்று மாடியக்கா சணலை எடுத்துக் காட்டினார். கட்டிக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே சுண்டினார்.

வீட்டில் சோபாவைச் சுற்றியிருந்த சுவர் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் மாப்பிள்ளையின் தலை தெரிந்தது, பிறகு தோள். அவருக்குத்தான் இப்போது கவலை அதிகம். "மச்சான், இன்னும் நாலஞ்சு கட்டுதான் இருக்கு. இருக்கிறதுக்குள்ள வாயைத் திறந்துடுங்க."

"தினம் பேசிட்டுத்தான் இருக்கேன் மாப்ள."

"எதைப் பத்தி?"

"முடிச்சைப் பத்தி."

"எந்த முடிச்சு மச்சான்?" என்று மாப்பிள்ளை ஆவலோடு எழுந்து உட்கார்ந்தார். மாமா விளக்கியதும் திரும்பப் படுத்துவிட்டார்.

நடுவுள்ளவன் ஒரு யோசனை சொன்னான்: இனிமேல் அரைக்கட்டு அரைக்கட்டாகக் கொண்டுபோகலாம். அது இரண்டு நாள் நடந்தது. அதற்குள் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது, அடுத்த வாரம் வந்து ஏறும்படி. மாமா அன்றைக்குச் சமைத்ததில் எதிலும் உப்பில்லை.

கடைசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறியபோது மாடியில் மாடியக்காவைத் தவிர யாருமில்லை. கணக்குப் பார்ப்பவர்கூடச் சாப்பிடப் போயிருந்தார். மாமா கட்டை மேஜைமேல் வைத்தார். அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"இதுதாங்க கடைசி."

மாடியக்கா ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். திறந்தார். மூடினார். "இதை நான் திரும்ப எடுத்துக்க முடியாது."

"ஏங்க? பிரிக்கவே இல்லையே."

"எடுத்துக்கிட்டா நாளைக்கு எதைக் கொண்டு வருவீங்க?"

அந்தத் தொண்டைக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக, சத்தம் வரவில்லை. கடைசியில் வந்த வார்த்தை, "சூப்பு."

"சூப்புக்கெல்லாம் நான் ரசீது போட மாட்டேன்" என்றார் மாடியக்கா. சொல்லிவிட்டு அவசரமாக ஒரு சணல் துண்டை எடுத்துச் சுண்டினார். அன்றைக்கு அது அறுபடவில்லை. இரண்டாம் முறையும் அறுபடவில்லை. மாமா கையை நீட்டி அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"எனக்கு அடுத்த வாரம் கப்பல்."

"தெரியும். நேத்து நீங்க பேசாம இருந்தப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும்."

"போகலைன்னா?"

"போகலைன்னா இங்க என்ன பண்ணுவீங்க?"

"சமைப்பேன். கரையிலயும் மனுஷங்களுக்குப் பசிக்கும்ல?"

மாடியக்கா யோசித்தார். பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் சரி என்றால் நன்றாக இருக்காது என்று யோசித்த மாதிரி நின்றார். பிறகு, "அப்போ உட்காருங்க. நிக்கிறவங்ககிட்ட இதெல்லாம் பேச எனக்கு வராது" என்று ஒரு நோட்டுக் கட்டைக் காட்டினார். மாமா உட்கார்ந்தார். அன்று மதியம் மேலே ஏறிவந்த வியாபாரிகள் யாருக்கும் சரக்குச் சரியாகப் போகவில்லை என்று பின்னால் புகார் வந்தது.

மறுநாளே தங்கை ஆஸ்பத்திரி உடையோடு கடைக்குப் போய், யாரென்று சொல்லாமல் மாடியேறி, ஒரு அட்டைப் பெட்டி கேட்டாள். மாடியக்கா அவள் மூக்கைப் பார்த்தார். அண்ணன் மூக்கும் அதே மூக்கு. "உட்காருங்க. ரொம்ப நேரம் நின்னுட்டு வந்திருப்பீங்க" என்றார். ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்த தங்கை அண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவங்களுக்குக் கோபம் வந்தா சத்தமே வராதாம். நல்லாக் கவனிச்சுப் பார்த்தாத்தான் தெரியுமாம். நீ கவனிச்சுப் பழகிக்கோ."

கல்யாணம், இனிமேல் கப்பலுக்கு வரவில்லை என்று மாமா போனில் சொன்னார். கேப்டன் முதலில் வாழ்த்தினார், பிறகு ரொட்டியை யார் சுடுவது என்று அழாக்குறையாகக் கேட்டார். தங்கை வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் சமையலறையிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மாடியக்காவின் தம்பிகள் இருவரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஊன்றுகோலோடு வந்து, எல்லாப் போட்டோவிலும் அந்த ஊன்றுகோல் தெரியும்படி நின்றார். மாடியக்கா அரை நாள்தான் லீவு எடுத்திருந்தார். மதியம் கடைக்குப் போனார். மாமாவும் கல்யாணச் சட்டையோடு கூடவே போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் இருவரும் கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. முதல் பஸ் வந்தபோது மாமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது முடியட்டும் என்று விட்டார்கள். இரண்டாவது வந்தபோது மாடியக்கா சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே படியேறினால் விழுந்துவிடுவோம் என்று அதையும் விட்டார்கள். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "ஏறுறீங்களா, இல்ல மழையைப் பார்க்கத்தான் நிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

ஏறினார்கள். உட்கார இடமும் இருந்தது.